சாப்ட்டாச்சு என்றால் இலை விழும்

இது நடந்தபோது ஆலடிவிளாகத்தில் எல்லாரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள், வெயில் உச்சியில் நின்றது, பெண்கள் மடியில் பீடிச் சுளகு இருந்தது, ஆகையால் அது கனவு என்று பிற்பாடு யாரும் நழுவிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. வடிவு கல்லூரியிலிருந்து வந்தாள், செருப்பைக் கழற்றினாள், தன் அண்ணன் மனைவி முப்பிடாதியிடம், “மைனி, சாப்ட்டாச்சா?” என்று கேட்டாள், முப்பிடாதி பீடி சுற்றும் விரல்களை நிறுத்தாமலே “ஆச்சு” என்றாள், அந்தச் சொல் வாயை விட்டு இறங்கியதும் அவளுக்கு முன்னால் தரையில் ஒரு வாழையிலை விழுந்தது, இளம் தலைவாழையிலை, நுனி இடப்பக்கம் பார்க்க, மேலே தண்ணீர் தெளித்து, பந்திக்குப் போட்ட மாதிரியே.

ஆனால் இலைக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது, கேள்விக்கு முன்னால் ஒரு வகுப்பு இருந்தது, அதைச் சொல்லாமல் இலையை மட்டும் சொன்னால் இலை என்னவோ கோபத்தில் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

வடிவும் நாங்களும் பக்கத்து டவுன் பெண்கள் கல்லூரியில் ஊட்டச்சத்துப் படிப்பில் முதலாமாண்டு. சுடலைவடிவு என்று வருகைப் பதிவுக்குக் கூப்பிட்டால் “உள்ளேன் மிஸ்” என்று அவள் சொல்வது முதல் வரிசைக்கே கேட்காது, பக்கத்தில் இருப்பவள் அவளுக்காக ஒருமுறை சொல்லவேண்டும், அப்படி ஒரு குரல். எங்களில் பாதிப்பேர் வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் அங்கே வந்து சேர்ந்தவர்கள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஊர்க்காரர்கள், “சோறு திங்கதுக்கு ஒரு படிப்பா, அதுக்கு ஒரு பஸ்ஸா?” என்று கேட்பார்கள், நாங்களும் சிரித்துவைப்போம், திரும்பிச் சொல்ல அப்போது எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

மனித ஊட்டச்சத்து ஓர் அறிமுகம் என்பது முதல் தாள். அதை எடுத்த ஜெபக்கனி மிஸ்ஸுக்குச் சோற்றைக் கிராமாகவும் குழம்பை மில்லியாகவும் பார்க்கிற கண், ஒரு கரண்டி பருப்பைத் தூக்கிக் காட்டினால் அதில் எவ்வளவு புரதம் என்று தராசு இல்லாமலே சொல்லிவிடுவார். முதல் செய்முறைப் பயிற்சிக்கு, வீட்டில் உள்ள ஒரு பெண்ணிடம் போய், நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுத்ததுவரை என்னென்ன சாப்பிட்டார், எத்தனை கப், எத்தனை கரண்டி என்று கேட்டு எழுதி வரச் சொன்னார். வடிவு தன் அம்மா ஆவுடைத்தாயைக் கேட்டாள்.

“நேத்து மத்தியானம் என்னம்மா சாப்ட்ட?”

“இருந்தத சாப்ட்டேன்.”

“எவ்வளவு?”

“இருந்த அளவு.”

“இருந்ததுன்னா என்னது?”

“ஒனக்கு என்னட்டி வந்திருக்கு இன்னைக்கு? இருந்ததுன்னா இருந்ததுதான். ஒங்கப்பா, அண்ணன், நீ எல்லாரும் சாப்ட்ட பொறவு சட்டியில கெடந்தது.”

வடிவு அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள்: உணவு, இருந்தது; அளவு, இருந்த அளவு. அவள் மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு பிழை. ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிற அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே அதையே எழுதியிருந்தோம்.

“‘இருந்தது’ன்னு ஒரு உணவு இந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு? யாராவது காட்டுங்க பாப்போம்,” என்றார் மிஸ்.

வடிவு எழுந்து நின்றாள். “புத்தகத்துல இல்ல மிஸ். எங்க வீட்ல இருக்கு.”

“அப்ப அதுல புரதம் எவ்வளவு? இரும்பு எவ்வளவு?”

“அது சாப்ட்டவங்களோட பசியப் பொறுத்தது மிஸ்.”

வகுப்பு சிரித்தது, மிஸ்ஸும் சிரித்தார், சிரித்துவிட்டுத் திரும்பப் போய்க் கேட்டு வரச் சொன்னார். சாப்ட்டாச்சா என்று மட்டும் கேட்காதீர்கள், என்ன சாப்ட்டீர்கள் என்று கேளுங்கள் என்று சொல்லியனுப்பினார். அவர் வேறு ஊர்க்காரர், எங்கள் ஊரில் சாப்ட்டாச்சா என்பது கேள்வியே இல்லை என்று அவருக்குத் தெரியாது. அது கும்பிடு போடுகிற மாதிரி, அதற்கு ஆச்சு என்பதுதான் பதில் கும்பிடு, கல்யாண வீட்டில் வயிறு முட்டத் தின்றவளும் ஆச்சு என்பாள், காலையிலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர் படாதவளும் ஆச்சு என்பாள், இல்லை என்று சொன்னால் கேட்டவர் வீட்டில் உலை வைக்கவேண்டிவரும், சொன்னவள் வீட்டு மானமும் போய்விடும்.

பிறகு இரும்புச் சத்துப் பாடம் வந்தது. கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்கவேண்டும், வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு என்று மிஸ் சொல்ல, நாங்கள் ஒருவர் இமையை ஒருவர் இறக்கிப் பார்த்து விளையாடிக்கொண்டிருந்தோம். வடிவு விளையாடவில்லை. சத்து மாத்திரையை டீயோடு குடித்தால் டீ அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது என்று மிஸ் சொன்னபோது அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். அவள் மைனி முப்பிடாதி ஆறாவது மாதம் முழுகாமல் இருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அவள் இமையை இறக்கிப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு, இப்படியே வந்தா பிரசவத்துல தாங்க மாட்டா, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் நான் எதுவும் சொல்லமுடியாது” என்று வடிவின் அண்ணனிடமே சொல்லியிருந்தார். மாத்திரையும் கொடுத்திருந்தார். முப்பிடாதி அந்த மாத்திரையைத் தினமும் தவறாமல் டீயில்தான் விழுங்கினாள், ஏனென்றால் டீ குடித்தால் பசி அடங்கிவிடும், பசி அடங்கினால் கை நிற்காது, கை நிற்காவிட்டால் அன்றைக்குச் சேரவேண்டிய பீடி சேர்ந்துவிடும்.

அந்த மத்தியானம்தான் வடிவு பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, மிஸ் கேட்காதே என்று சொன்ன கேள்வியையே பழக்கத்தில் கேட்டாள், இலை விழுந்தது.

வடிவின் அம்மா ஆவுடைத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “எவ எலையப் போட்டா இங்கன?”

“அதா விழுந்துச்சு அத்த,” என்றாள் முப்பிடாதி, பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே. “நான் ஆச்சுன்னேன், விழுந்துச்சு.”

“ஆச்சுன்னா எதுக்கு எல? சுருட்டி மாட்டுக்குப் போடு.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் கை வரவில்லை. போட்ட இலையைச் சோறு படாமல் வெறும் இலையாக எடுத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது ஊர் அறிந்த சங்கதி. குனிந்து பார்த்தாள், ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள், இலை தரையிலேயே முளைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆவுடைத்தாய் கெட்டிக்காரி, அப்போதே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து அந்த ஒரு சொல்லை அவள் வாயால் சொல்லவே இல்லை, யாராவது சாப்ட்டாச்சா என்றால் தலையை ஆட்டினாள், ம் என்றாள், இருமினாள், தலையாட்டலுக்கும் இருமலுக்கும் இலை விழவில்லை.

மற்றவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க இலை, உண்மையிலேயே சாப்பிட்டுவிட்டு ஆச்சு என்றவர்களுக்கு மட்டும் விழவில்லை. பீடி ஏஜென்ட் கட்டு எடுக்க வந்தவர் மரியாதைக்கு, “என்னம்மா எல்லாரும் சாப்ட்டாச்சா?” என்றார், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் “ஆச்சு” என்றார்கள், அவருக்குத் திரும்பிப்போகக் கால் வைக்க இடமில்லாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஊர் இதற்காக அலறவில்லை. வந்ததை வைத்துக் குடித்தனம் பண்ணுகிற ஊர். வாழைத்தோட்டக்காரர்கள் தங்கள் மரங்களைப் போய்ப் பார்த்துவிட்டு, எங்களது ஒன்றும் குறையவில்லை, இது மலைக்காட்டு இலை என்று முடிவு சொல்லி நிம்மதியானார்கள். ஆடுகள் வந்து மோந்துவிட்டு ஒதுங்கிப் போயின. பிள்ளைகள் இலையை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடக்கப் பழகி, அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இப்போதும் கொஞ்சம் குதித்தேதான் நடக்கின்றன. வாடவும் இல்லை அந்த இலைகள். யாருக்கு விழுந்ததோ அவள் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சாதாரண இலையாகிச் சுருட்ட வந்தன, சாப்பிடாவிட்டால் பச்சைப் பசேலென்று அங்கேயே கிடந்தன, கல்யாணமாகி வந்ததிலிருந்து மிச்சத்திலேயே காலம் தள்ளிய பெண்களின் வீடுகளில் அடுப்படிக்குப் போகிற வழியே வயல்வரப்பு மாதிரி ஆகிவிட்டது.

சோறு வைத்தால் போகும் என்று தெரிந்ததும், ஒரு பருக்கை வைத்தால் போதுமா என்று பார்த்தார்கள். போகவில்லை. ஒரு கை வைத்தார்கள், போகவில்லை. சோறு மட்டும் குவித்துப் பார்த்தார்கள், இலை அசையவே இல்லை, பருப்பு வேண்டியிருந்தது, கீரை வேண்டியிருந்தது, ஒரு வீட்டில் முட்டை வைத்ததும்தான் சுருட்ட வந்தது. இதைக் கேள்விப்பட்டு ஜெபக்கனி மிஸ் கப்பும் கரண்டியுமாக எங்களோடு பஸ் ஏறி வந்தார். முப்பிடாதியின் இலைக்கு முன்னால் மிஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ளபடி, கர்ப்பிணி, உட்கார்ந்து செய்கிற லேசான வேலை என்று கணக்குப் பார்த்து, அத்தனை கப் சோறு, இத்தனை கரண்டி பருப்பு, இவ்வளவு கீரை என்று அளந்து வைத்தார். முப்பிடாதி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். அத்தை பார்க்கிறாளே என்று வெட்கப்பட்டுக்கொண்டு, பிறகு வெட்கம் மறந்து, சாப்பிட்டாள். சுருட்டினாள். இலை வரவில்லை.

“ஏன் வரல?” என்றார் மிஸ். “அளவு சரிதானே. புத்தகப்படி இது லேசான வேலை. உட்கார்ந்துதான செய்றீங்க.”

தெருவில் கூடியிருந்த பெண்களிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது.

“உக்காந்தா லேசாம்ல,” என்றாள் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள். “மிஸ்ஸு, ஒரு சுளவு பீடி சுத்திட்டு எந்திரிச்சுப் பாருங்க, இடுப்பு எங்கன இருக்குன்னு தேடணும்.”

“அதுக்குப் பொறவு தண்ணி எடுக்கணும், வெறவு ஒடைக்கணும்,” என்றாள் இன்னொருத்தி. “அது ஒங்க புத்தகத்துல நிக்கிற வேலையா, படுக்கிற வேலையா?”

மிஸ்ஸுக்கு முகம் சிவந்தது, ஆனால் அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. புத்தகத்தை மூடி எங்களில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, “வேலைய மாத்திப் போடுவோம்” என்று இன்னொரு கப் சோறு வைத்தார், இன்னும் ஒரு கரண்டி பருப்பு, ஒரு முட்டை. முப்பிடாதி சாப்பிட்டு முடித்ததும் இலை தரையை விட்டுப் பிரிந்து தானாகவே ஓரம் சுருண்டது. அன்றைக்குத்தான் எங்களுக்குப் பஸ் ஸ்டாப்பில் திரும்பச் சொல்ல ஒன்று கிடைத்தது.

இது ஊருக்குப் பிடித்திருக்கவேண்டும். பிடிக்கவில்லை. பெண்கள் வயிறாரச் சாப்பிட்டால் மிச்சம் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது, சாயங்காலம் வேலைவிட்டு வரும் ஆம்பிளைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டால் சட்டி காலியாக இருக்கிறது, தவிரவும் வருகிற போகிறவன் கண்ணுக்கு முன்னால் வாசலில் பச்சையாக இலை கிடந்தால் அந்த வீட்டில் பெண்ணுக்குச் சோறு போடவில்லை என்று எழுதி ஒட்டின மாதிரி ஆகிறது. ஊர்த்தலைவர் மாசானமுத்து கூட்டம் போட்டார். வைதும் பார்த்தார்கள், கோயிலில் பூக்கட்டிப் போட்டுச் சாமியிடம் கேட்டும் பார்த்தார்கள், கடைசியில் மாசானமுத்துவே ஒரு வழி சொன்னார்.

“கேட்டாத்தான சொல்லுவாளுவ. சொன்னாத்தான விழுது. நாம கேக்கவே வேண்டாம்.”

அன்றிலிருந்து ஆலடிவிளாகத்தில் சாப்ட்டாச்சா என்று கேட்பது நின்றுபோயிற்று. விருந்தாளி வந்தால், “மழை உண்டுமா உங்க பக்கம்?” என்றார்கள். வடிவின் அப்பா சுப்பையாதான் பாவம், மூங்கில் கழி மாதிரி நேரான மனுஷர், தான் சாப்பிட்டுக் கைகழுவியதும் முற்றத்தில் நின்று “எல்லாருக்கும் ஆச்சா?” என்று கேட்டு, உள்ளிருந்து ஆச்சு என்று வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும், அவர் வாயைத் திறந்து, மூடி, சும்மா போய்ப் படுத்தார். இலைகள் நின்றன. சட்டியில் மறுபடி மிச்சம் விழ ஆரம்பித்தது. முப்பிடாதி மறுபடி இருந்ததைச் சாப்பிட்டாள், இல்லாத நாளில் டீ குடித்தாள். வடிவு அவள் இமையை இறக்கிப் பார்த்தாள். கொஞ்சம் ரோஸ் நிறம் வரத் தொடங்கியிருந்த இடம் திரும்ப வெளுத்திருந்தது.

“மைனி, நீங்களா கேட்டு வாங்கிச் சாப்பிடப்பிடாதா?”

“என்னன்னு கேக்க? அத்தயே சாப்பிடாம இருக்காவ. நான் தட்டத் தூக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?”

“கேக்காண்டாம். யாரும் கேக்காட்டியும் ஆச்சுன்னு சொல்லுங்க.”

முப்பிடாதி அவளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு இருக்கிறதா என்பதுபோல் பார்த்தாள். பிறகு சுளகை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள், யாரும் எதுவும் கேட்காமலே, எதிரே போய்க்கொண்டிருந்த மாசானமுத்துவின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, “எனக்குச் சாப்ட்டாச்சு” என்றாள்.

இலை வண்டிக்குக் குறுக்கே விழுந்தது.

மாசானமுத்து காலை ஊன்றி நின்றார். “யாரும்மா ஒன்னக் கேட்டா?”

“யாரும் கேக்கலன்னுதான் மாமா சொல்லுதேன்.”

அதற்குப் பிறகு அது தீ மாதிரி இல்லை, பேச்சு மாதிரிப் பரவியது, ஒருத்தி சொல்லி இன்னொருத்தி சொல்லி. இசக்கியம்மாள் பீடி ஏஜென்டின் தராசுக்கு முன்னால் நின்று “ஆச்சு” என்றாள், தராசுத் தட்டுக்கும் அவருக்கும் நடுவில் இலை. ரேஷன் கடை வரிசையில், பஞ்சாயத்து அலுவலகப் படியில், டவுன் பஸ்ஸின் நடைபாதையில், ஊர்க்கோயிலின் கொடிமரத்தடியில், போகிற போக்கில், சும்மா, நலம் விசாரிக்கிற குரலில், ஆச்சு ஆச்சு என்று சொல்லிக்கொண்டே போனார்கள், பொய்யென்று தெரிந்தே சொன்ன பொய்கள், இத்தனை காலம் மானத்துக்காகச் சொன்ன அதே பொய்கள். மாசானமுத்து மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார், அவரும் கொஞ்சம் குதித்தே நடந்தார்.

ஆவுடைத்தாய் மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் வீட்டு அடுப்படியில் அவள்தான் அகப்பை. அவள் எடுத்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மருமகள் தெருவில் போய்ச் சொன்னதற்கு அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை, அகப்பையை மட்டும் கையைவிட்டு இறக்கவில்லை. முப்பிடாதிக்கு வாசலில் விழுந்த இலையில் வடிவுதான் சோறு கொண்டுபோய் வைத்தாள், பானையில் எவ்வளவு விட்டிருந்தார்களோ அவ்வளவு. அது போதவில்லை. வாசலில் இலைமேல் இலையாகக் கிடந்தது, முப்பிடாதிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு நடந்தாலே வாங்கியது.

இப்படி இருக்கும்போது ஏழாம் மாத வளைகாப்பு வந்தது.

தெருவை அடைத்துப் பந்தல். விடிவதற்கு முன்பே எழுந்து முப்பிடாதியே தேங்காய் துருவினாள், குளித்தாள், பட்டு உடுத்தினாள், பிறகு ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியும் வந்து அவள் கையில் வளையல் ஏற்ற ஏற்ற, முழங்கைவரை கண்ணாடி வளையல் ஏறி, நெற்றியில் சந்தனம் காய்ந்து, மத்தியானமாகியும் அவள் வாயில் எதுவும் படவில்லை, படவில்லை என்பது யாருக்கும் நினைவும் இல்லை. கல்லூரியிலிருந்து நாங்கள் எல்லாரும் வந்திருந்தோம், ஜெபக்கனி மிஸ்ஸும் வந்திருந்தார். டவுனில் வாங்கிய சாதாரண இலைகள் நீளமாகப் போடப்பட்டிருந்தன. முதல் பந்திக்கு ஆம்பிளைகள் வேட்டியை மடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள், மாசானமுத்து முன்னால். பந்தலில் எந்தப் பெண்ணும் தானாக வாய் திறக்கக்கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்.

சுப்பையா பந்தலுக்கு நடுவில் வந்தார். வீடு நிறைந்திருந்தது, மனசு நிறைந்திருந்தது, ஊர்க்கட்டும் மறந்துபோயிற்று, முதல் பந்தியே இன்னும் உட்காரவில்லை என்பதும் மறந்துபோயிற்று. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே, எப்போதும் கேட்கிற குரலில் கேட்டார்:

“எல்லாருக்கும் ஆச்சா?”

கேள்வி போய் யார்மேல் விழும் என்று எல்லாரும் பார்த்தார்கள். அது நாற்காலியில் உட்கார்ந்திருந்த முப்பிடாதிமேல் விழுந்தது. ஆச்சு என்று அவள் சொன்னால் வளைகாப்புப் பந்தலில், சம்பந்தி வீட்டார் கண்ணுக்கு முன்னால், பிள்ளைத்தாச்சிக்குச் சோறு போடாத வீடு என்று இலை விழும். அடுப்படி வாசலில் நின்ற ஆவுடைத்தாய் மருமகளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்: சொல்லாதே, தலையாட்டு, ம் சொல்லு.

முப்பிடாதி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

“இல்ல மாமா. சாப்பிடல.”

நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். எதுவும் விழவில்லை. மண் மண்ணாகவே இருந்தது.

“நேத்தும் சாப்பிடல. பசிக்கி,” என்றாள்.

அந்தச் சொல்லை ஆலடிவிளாகத்தில் ஒரு மருமகள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் சொல்லும், மாடு கத்தினால் மாட்டுக்காகச் சொல்வார்கள். வடிவின் அண்ணன் பரமசிவன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏட்டி, சபையில வச்சு” என்றான்.

“சபையிலதான கேட்டாவ,” என்றாள் முப்பிடாதி. சொல்லிவிட்டு, வளையல் கலகலக்க நடந்துபோய், முதல் பந்தியின் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“அது ஆம்பளையளுக்குப் போட்ட பந்தி,” என்றார் மாசானமுத்து. “முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. யாருக்கு மொதல்ல, யாருக்குப் பொறவுன்னு ஒரு முறை வேண்டாமா?”

அப்போது வடிவு அவர் முன்னால் வந்து நின்றாள். முதல் வரிசைக்கே கேட்காத அந்தக் குரலில், “முறை இருக்கு பெரியப்பா, கொஞ்சம் குனியுங்க” என்றாள். அவர் என்னவோ ரகசியம் என்று நினைத்துக் குனிந்தார். அவள் கட்டைவிரலால் அவர் கீழ் இமையை இறக்கிப் பார்த்தாள்.

“நல்ல செவப்பு,” என்றாள். “நீங்க ரெண்டாம் பந்தி.”

யாரோ சிரித்தார்கள், அது ஒரு ஆம்பிளைதான். அதற்குள் நாங்கள் பந்தலுக்குள் பரவிவிட்டோம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, மிஸ்ஸும் சொல்லவில்லை, மிஸ்தான் முதலில் இசக்கியம்மாளின் இமையை இறக்கி “வெளுப்பு, வாங்க” என்று கையைப் பிடித்து இலைக்குக் கூட்டிப்போனார். வெளுத்தவர்கள் முதல் பந்தி, சிவந்தவர்கள் இரண்டாம் பந்தி. ஆணா பெண்ணா, பெரிய வீடா சின்ன வீடா என்று இமை பார்க்கவில்லை. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒல்லியான அண்ணன் ஒருவரும் வெளுப்பில் வந்து, பெண்களுக்கு நடுவே கூச்சத்தோடு உட்கார்ந்தார். மற்றபடி வரிசை நீளத்துக்கும் பீடி சுற்றும் விரல்கள். மாசானமுத்து தன் இமையைத் தானே தடவிக்கொண்டு நின்றார்.

கடைசியில் அடுப்படி வாசலில் ஆவுடைத்தாய் மட்டும் பாக்கி. வடிவு அம்மாவின் முகத்தைப் பிடித்து இமையை இறக்கினாள். எங்களில் பக்கத்தில் நின்ற எல்லாரும் பார்த்தோம், அதில் ரத்தமே இல்லை, உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது. வடிவு விரலை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்னட்டி அப்படிப் பாக்க? நான் உக்காந்தா யாரு வெளம்புவா?” என்றாள் ஆவுடைத்தாய்.

அந்த ஊரில் அப்படி ஒரு கேள்வி அதுவரை எழுந்ததில்லை. சுப்பையா சோற்று வாளியைத் தூக்கினார். எந்தக் கையில் வாளி, எந்தக் கையில் கரண்டி என்று அவருக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை மாற்றிப் பிடித்தார். பரமசிவன் போய்ப் பருப்பு வாளியை எடுத்தான். பிறகு இன்னும் இரண்டு பேர், பிறகு நாலு பேர். சோற்றுக்கு முன்னால் ரசத்தை ஊற்றினார்கள், உப்பை நடு இலையில் வைத்தார்கள், கூட்டு இருக்கவேண்டிய இடத்தில் பாயசம் ஓடியது. பெண்கள் திருத்தவில்லை, சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஆவுடைத்தாய் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், தன் இலையில் விழுகிற சோற்றை யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு.

“போதுமா?” என்றார் சுப்பையா.

அவள் கையைக் குறுக்கே நீட்டவில்லை. அவர் இன்னொரு கரண்டி வைத்தார்.

ஒரு வேளைச் சோற்றில் ரத்தம் ஏறாது, அது முதல் பாடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அந்த வீட்டு அடுப்படியில் எல்லாரும் ஒரே நேரத்தில் வட்டமாக உட்காரப் பழகியதும், மாத்திரை டீயை விட்டுப் பிரிந்து எலுமிச்சம்பழத் தண்ணீரோடு சேர்ந்ததும், நர்ஸ் இமையை இறக்கிப் பார்த்து “இங்கயே பெத்துக்கலாம், வா” என்று சொன்னதும், முப்பிடாதியின் பெண்பிள்ளை பிறந்த உடனே ஊர் அதிரும்படி பாலுக்கு அழுததும் எல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்குப் பந்தலில் நடந்தது இவ்வளவுதான்: ஆவுடைத்தாய் இரண்டு வாய் சாப்பிட்டாள், மூன்றாவது உருண்டையை உருட்டினாள், காலகாலப் பழக்கத்தில் தன் இலையிலிருந்த முருங்கைக்கீரையை வழித்து மருமகள் இலைக்குத் தள்ளப் போனாள். முப்பிடாதி அந்தக் கையைப் பிடித்தாள்.

“அது ஒங்களுக்கு அத்த.”

“நீ புள்ளத்தாச்சிட்டி.”

“எனக்குத் தருவாவ,” என்றாள் முப்பிடாதி. பிறகு நிமிர்ந்து, அதுவரை உயர்ந்ததில்லாத தன் குரலை உயர்த்தி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி, “இங்கன கீரை வரல” என்றாள்.

வாளியோடு மூன்று ஆம்பிளைகள் ஓடிவந்தார்கள்.